தன் காலில் நிற்கும் முதுமை

முதுமை வருவது இயற்கை. ஆனால், எதற்கெடுத்தாலும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்கும் முதுமை முற்றிலும் இயற்கையால் வருவதன்று. அதிற் பாதி வயதினால் வருவது. மறுபாதி நாம் வாழும் இடத்தினாலும், உரிய காலத்திற் செய்யாது விட்ட காரியங்களினாலும் வருவது. பட்டினத்து முதியவருக்கு ஒருவகை இடர்கள் உண்டு. ராகலையின் தேயிலைச் சரிவிலே, லயத்துக் காம்பராவிலே, கடைசிக் காலத்தைக் கழிப்பவருக்கு உள்ள இடர்கள் வேறு. உடல்நலம் பேணுவது பற்றிப் பத்திரிகைகளில் நாம் படிக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் சமதரையில் வாழ்வோருக்காக எழுதப்பட்டவை. "நாள்தோறும் அரைமணி நேரம் உலாவி வருக" என்று அவை கூறும். உலாவுவதற்கு இங்கே சமதரை எங்கே இருக்கிறது?

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்கு வரும் பாதையில் ஒருமுறை பிரயாணஞ் செய்தவர்கள் இந்த வினாவின் பொருளை உணர்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஒரு சிறு ரயிலும் ஓடியது. மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டு செல்வதற்காக வெள்ளையர் இட்ட பாதை அது, 1940களில் மூடப்பட்டுவிட்டது. பெட்டிகள் எவ்வாறு இறங்கும் என்று கணக்கிட்டவர்கள், அந்தப் பெட்டிகளை நிரப்பிய மனிதர்கள் எழுபது வயதில் எவ்வாறு இறங்கி ஏறுவார்கள் என்று கணக்கிடவில்லை. அந்தக் கணக்கை இனி நாம்தான் போடவேண்டும்.

பிறரைச் சாராத முதுமை என்றால் என்ன? பிள்ளைகளைப் பிரிந்து தனித்து வாழ்வதே அது என்று சிலர் எண்ணுகின்றனர். நம்மவர் எண்ணம் அதுவன்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு மூதாட்டியிடம், "உங்களுக்கு இனி என்ன வேண்டும்?" என்று கேட்டேன். பீலியடியில் குடத்தை நிறைத்துக்கொண்டே, "என்னாத்துக்கு மாஸ்டர் பெரிசா? 'கொஞ்சம் தண்ணி கொண்டா'ன்னு ஒருத்தரையும் கேக்காம இருந்தாப் போதும்" என்றார். இதனினும் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை. தன் தண்ணீரைத் தானே எடுத்தல், தன் பணத்தைத் தானே எண்ணுதல், தன் கூரையின்கீழ் அச்சமின்றி உறங்குதல் ஆகிய இம்மூன்றும் வாய்த்தவர், பேரப்பிள்ளைகள் நிறைந்த ஒற்றைக் காம்பராவில் இருந்தாலும் சுதந்திரமானவரே. இம்மூன்றையும் காத்துக்கொள்ள நாம் செய்யக்கூடியவை என்ன என்பதைப் பார்ப்போம்.

கால்

வாழ்நாளெல்லாம் மலையேறி உழைத்த உடலுக்குத் தேகப்பயிற்சி வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும், அதுவும் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்தே வேண்டும். நேற்றுவரை கூடையைச் சுமந்து சரிவில் நின்ற பெண், இன்று பெயர் வெட்டப்பட்டதும் இஸ்தோப்பில் உட்கார்ந்துவிடுகிறாள். முழங்கால் நோகிறது என்பதனால் அசைவதைக் குறைக்கிறாள். அசைவு குறையக் குறையத் தொடைச் சதை மெலிகிறது. சதை மெலியவே முழங்காலின் பாரம் இன்னும் கூடி, நோவு வளர்கிறது. இந்தச் சுழற்சியிலிருந்து மீள வழி மிக எளியது. ஒரு வாங்கிலில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்கவேண்டும். மீண்டும் மெதுவாக உட்காரவேண்டும். இப்படிக் காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. முதலில் முடியாவிட்டால் கையை ஊன்றலாம்; நாளடைவில் விட்டுவிடலாம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் சிறிது நேரம் நின்று பழகுவது, தள்ளாட்டத்தைக் குறைக்கும். இவற்றுக்குச் சமதரையும் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை.

முதியவர்களைப் படுக்கையில் தள்ளும் பெரும் பகை விழுகையே. எலும்பு தேய்ந்த வயதில் ஒரே ஒரு வழுக்கல், இடுப்பெலும்பை முறித்துவிடும். அதன்பின் எழுந்து நடக்காமலே போனவர்கள் பலர். நமது லயங்களின் படிகளோ கல்லை அடுக்கிச் செய்தவை. ஒன்று உயரம், மற்றொன்று பள்ளம். மழைக்காலத்தில் அவற்றின்மேல் பாசி படர்ந்துவிடும். கழிப்பிடமோ பல இடங்களில் காம்பராவுக்குப் புறத்தே இருக்கிறது. குளிர்ந்த இரவில் தூக்கக் கலக்கத்தோடு, தேய்ந்த ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, இருட்டில் அந்தப் படியில் இறங்கும் எழுபது வயதினரை எண்ணிப் பாருங்கள். படியைத் தேய்த்துப் பாசியை நீக்குவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இரண்டு முளைகளை ஊன்றி, ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டினால் கைப்பிடி ஆயிற்று. தலையணைக்கு அருகில் ஒரு டோர்ச் லைட் இருக்கவேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பின்பு எழுவது நலம். கண்ணில் புரை விழுந்தவர்கள் அதை விதியென்று விட்டுவிடுதல் தவறு. சத்திரசிகிச்சையால் நீக்கக்கூடிய குறை அது. படியைப் பார்க்கும் கண்தான் முதற் கைப்பிடி.

கோலூன்றுவதற்கு நம்மவர் வெட்கப்படுகின்றனர். புறநானூற்றிலே முதுமையைப் பற்றிப் பாடிய ஒரு புலவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பூண் கட்டிய கோலைப் பற்றித் தம் பாட்டிற் கூறியமையால் 'தொடித்தலை விழுத்தண்டினார்' என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. இளமையில் மரக்கிளையிலிருந்து மடுவிற் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்ததை நினைந்து, இன்று கோலூன்றி, இருமலுக்கு இடையே சில சொற் பேசும் நிலையை அவர் பாடியிருக்கிறார். ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ் அவரை அவருடைய கோலைக்கொண்டே போற்றுகிறதென்றால், நமக்கு அதில் என்ன வெட்கம்? நிமிர்ந்து நிற்கையில் கோலின் தலை மணிக்கட்டின் அளவுக்கு வரவேண்டும். நோகும் காலுக்கு எதிர்ப்புறத்துக் கையிலே பிடிக்கவேண்டும். நுனியில் வழுக்காதபடி ரப்பர் மாட்டவேண்டும்.

அடுப்பு

அந்தப் புலவர் சொன்ன இருமல் நம் லயங்களிலும் கேட்கிறது. அதைக் குளிர் இருமல் என்றே எல்லோரும் கூறுகிறார்கள். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதைச் சூழ்ந்த இம்மலைகளிலும் குளிருக்குக் குறைவில்லை. ஆனால் குளிருக்கு அஞ்சி யன்னலைச் சாத்திவிட்டு, ஈர விறகை எரிக்கும்போது எழும் புகையே நெஞ்சுக்குக் கூடிய கேடு செய்கிறது. பல ஆண்டுகள் விறகுப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு, சுருட்டோ பீடியோ தொடாதவர்களாயினும், மூச்சுக்குழல் இறுகும் நோய் வருவதுண்டு. விறகை முன்கூட்டியே உலர்த்தி வைப்பதும், அடுப்புக்கு மேலே புகைபோக வழி விடுவதும், எரியும்போது ஒரு யன்னலையாவது திறந்து வைப்பதும் அரை மருந்துக்குச் சமம்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோதுமை ரொட்டியும் சம்பலும் சீனி போட்ட தேத்தண்ணீரும் மலையில் வெட்டி முறித்தவனுக்கு வலுவைத் தந்தன. உட்கார்ந்திருப்பவனுக்கு அதே உணவு நீரிழிவைத் தரக்கூடும். வயது ஏற ஏறச் சதையைக் காக்கும் உணவு கூடுதலாக வேண்டும். பருப்பு, கடலை, பயறு, முட்டை, கீரை ஆகியவை அத்தகையன. உப்புக் கருவாடும் ஊறுகாயும் இரத்த அழுத்தத்தை ஏற்றுவன. உலகுக்கெல்லாம் தேயிலை தந்த நாம் தேநீரைப் பற்றிய ஓர் உண்மையை அறிந்திருத்தல் வேண்டும். உணவோடு சேர்த்துத் தேநீர் பருகினால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். ஆதலால், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பருகுவதே இரத்தசோகை உள்ளவர்களுக்கு நல்லது.

வெற்றிலையை விடச் சொன்னால் முதியவர்கள் கோபிப்பார்கள். வெற்றிலையோடு சேரும் புகையிலையும் பாக்குமே வாய்ப்புற்றுநோயை வருவிப்பவை. இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ தோன்றினால், அல்லது வாயை முன்போல் அகலத் திறக்க முடியாவிட்டால், நாளைக் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நோவின்றியே வளர்பவை. உழைக்குங் காலத்தில், "வைத்தியசாலைக்குப் போனால் அரைப்பேர் போய்விடும்" என்று காரணம் சொன்னோம். ஓய்வு பெற்றபின் அந்தக் காரணம் இல்லை. அரசாங்க வைத்தியசாலையில் சோதனைக்குக் காசும் இல்லை.

காகிதம்

இனிப் பணத்துக்கு வருவோம். உடல் எவ்வளவு திடமாக இருந்தாலும், கையில் ஒரு ரூபாயும் இல்லாதவர் ஒரு மாத்திரைக்கும் பிறர் முகத்தைப் பார்க்கவேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு மாதாந்த ஓய்வூதியம் இல்லை. அவருக்கு உள்ளவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், தொழில் கொடுப்பவரிடமிருந்து 12 பங்கும் அதிற் சேர்கின்றன. மற்றொன்று, 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கிடைக்கும் பணிக்கொடை. நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் என்பது அதன் கணக்கு. 2024 ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா நாட்சம்பளத்தில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவருக்கு 5,67,000 ரூபா வரவேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு தொழிலாளியும் தாமே போட்டுப் பார்க்கத் தெரிந்திருக்கவேண்டும். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் அது கொடுபடவேண்டும் என்பதும் சட்டமே.

சட்டம் இருந்தும் பணம் கைக்கு வராமல் நிற்பதற்குப் பெருங் காரணம் பெயர். பத்திரங்களை நிரப்பித் தருமாறு என்னிடம் வருவோரில் எத்தனையோ பேருக்கு மூன்று காகிதத்தில் மூன்று பெயர் இருக்கக் கண்டிருக்கிறேன். மீனாட்சி என்று பெற்றோர் வைத்த பெயர், பிறப்புப் பத்திரத்தில் மீனாச்சி ஆகும். தோட்டத்துச் செக்ரோலில் மீனா ஆகும். அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு சேர்ந்து வேறொன்றாகும். காதில் விழுந்தபடி எழுதியவர்களுக்கு அது ஓர் எழுத்து. அவளுக்கோ நாற்பது ஆண்டு உழைப்பு.

இம்மக்களுக்குக் காகிதம் எக்காலத்திலும் பகையாகவே இருந்திருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் இவர்கள் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் செய்யப்பட்டபோது, 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டனர்; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974 இல் மற்றோர் ஒப்பந்தம் எழுந்தது. 2003 ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கியது. அண்ணன் நீலகிரியிலும் தம்பி ராகலையிலுமாகப் பிரிந்த குடும்பங்களின் மூத்தவர்கள் இன்றும் இங்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு முதுமையிற் கைகொடுக்க வேண்டிய உறவிற் பாதி கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஆகையால், காகிதம் ஒழுங்காக இருத்தல் இங்கே வெறும் அலுவலக விஷயமன்று.

ஓய்வு பெறுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கணக்கு, வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பெயரை ஒப்பிடவேண்டும். பிழையிருந்தால் அப்பொழுதே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் தொழில் அலுவலகத்திலும் திருத்தத்தைத் தொடங்கவேண்டும். அறுபது வயதை அடைந்தோருக்கு, 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உரிமைகள் உண்டு. பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டையைப் பெற்றுக்கொள்ளலாம். கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரவும் அச்சட்டம் இடமளிக்கிறது. எழுபது வயதைக் கடந்த வறியோருக்கு அரசாங்கம் தரும் மாதாந்த உதவிப்பணம் 2025 ஆம் ஆண்டில் 5000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கேட்டால்தான் கிடைக்கும் உதவிகள் இவை. கேட்பதற்குப் பெயர் சரியாக இருக்கவேண்டும்.

பணம் வந்தபின் இன்னொரு சோதனை உண்டு. முச்சக்கர வண்டி வாங்க மகன் கேட்பான். பேத்தியின் சடங்குக்கு மகள் கேட்பாள். கொடுக்க வேண்டாமென்று நான் கூறமாட்டேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டாமென்றே கூறுகிறேன். ஒரு பகுதியைத் தம் பெயரிலேயே நிலையான வைப்பாக வைத்து, புத்தகத்தைத் தம் பெட்டியிலேயே பூட்டி வைத்துக்கொள்ளும் தாயை மருமகளும் மதிப்பாள். இது பேராசையன்று, தன்மானம்.

கூரை

மூன்றாவது, உறங்கும் இடம். லயக் காம்பரா அதில் வாழ்பவருக்குச் சொந்தமன்று; வேலையோடு ஒட்டி வந்தது. வீட்டில் ஒருவராவது தோட்டத்திற் பேர் பதிந்திருக்கும்வரை முதியவருக்கும் அங்கே இடம் உண்டு. பிள்ளைகள் கொழும்பிலே கடைக்கும் தைத்த உடைத் தொழிற்சாலைக்கும் போய்விட்டால், அந்த இடமும் ஆட்டங் காண்கிறது. நாற்பது ஆண்டு ஒரு மலையைப் பசுமையாக வைத்திருந்தவருக்கு அம்மலையில் ஒரு முழ மண் உரித்தில்லை என்பது எண்ணிப் பார்க்கவேண்டிய விஷயம். ஏழு பேர்ச் காணியும் உறுதிப் பத்திரமும் கொடுத்துத் தனி வீடு கட்டும் திட்டங்கள் சில தோட்டங்களில் நிறைவேறியிருக்கின்றன. அத்தகைய உறுதி எழுதப்படும்போது முதிய தாயின் பெயரும் தந்தையின் பெயரும் அதில் இடம்பெற வேண்டுமென்று குடும்பங்கள் கேட்கவேண்டும்.

கூரைக்கு மேலே மலை நிற்கிறது என்பதையும் நாம் மறந்துவிட முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி கொட்டிய மழையால் நுவரெலியா மாவட்டத்திலும் அயல் மாவட்டங்களிலும் எண்ணற்ற இடங்களில் மலை சரிந்தது. பல உயிர்கள் மாண்டன. இத்தகைய வேளைகளில் "நான் எங்கே போவது? எத்தனை மழையைக் கண்டவள் நான்!" என்று காம்பராவை விட்டு அசைய மறுப்பவர்கள் முதியவர்களே. அவர்கள் கண்ட மழை வேறு. இன்று பெய்யும் மழை வேறு. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இறுகிப்போய்த் திறக்க மறுக்கும் கதவு ஆகியவை மலை தரும் எச்சரிக்கைகள். இவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் வெளியேறவேண்டும். மாத்திரைகளும் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் கம்பளியும் ஒரே பையில் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கட்டும். நடக்க இயலாதவரைத் தூக்கிச் செல்லும் இருவர் யார் என்பதை மழைக்கு முன்பே லயத்தார் பேசி வைத்துக்கொள்ளட்டும். திடீர் நோய்க்கு 1990 என்ற இலக்கத்தைச் சுழற்றினால் இலவச அம்புலன்ஸ் வரும் என்பதை வீட்டிலுள்ள சிறுவனுக்கும் சொல்லி வையுங்கள்.

இவ்வளவும் எழுதியபின், ஓர் ஐயத்தை நீக்கவேண்டும். கைப்பிடி கட்டுபவன் பேரன். பத்திரம் நிரப்புபவர் அயலவர். மழையில் தூக்குபவர்கள் அடுத்த காம்பரா இளைஞர்கள். இத்தனை பேர் தேவைப்படும் முதுமையைச் சுதந்திரம் என்று எவ்வாறு கூறுவது என்று யாரேனும் கேட்கலாம். குடத்தைப் பிடுங்கிக்கொண்டு, "நீங்கள் உட்காருங்கள் பாட்டி" என்பதும் அன்புதான். அவர் தாமே குடத்தோடு நடந்து வரும்படி பாதையைச் செப்பனிடுவதும் அன்புதான். முதலாவது அன்பு ஒரு நாளைக்கு இனிக்கும். பின்பு அவரை மூலையில் உட்கார வைத்துவிடும். இரண்டாவதே நாம் செய்யவேண்டியது. காமன் கூத்தின் அடவையும், நாட்டு மருந்தின் பக்குவத்தையும், எந்த மலையில் எந்தக் காலத்தில் மண் இறங்கியது என்பதையும் அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் நடமாடினால் லயம் முழுவதற்கும் அறிவு நடமாடும்.

தோட்டத்து நிருவாகத்தினரும் தொழிற்சங்கத்தாரும் ஆலயக் குழுவினரும் மனம் வைத்தால், இவற்றில் முதற் காரியத்துக்குப் பெரும் பணம் எதுவும் தேவையில்லை. அடுத்த மழைக்கு முன்பு, பீலிக்குப் போகும் படிகளுக்கு ஒரு கைப்பிடி வேண்டும். மூங்கில் நம்மிடமே இருக்கிறது.